இங்க பாருங்க என்று சொல்லாமல் எடுத்த படம்

பாகலூர்ப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பொற்கொடியின் குரலைக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வர முடியாது.

"இங்க பாருங்க, இல்லி நோடி, இக்கட சூடண்டி!"

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே மூச்சில். பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட வாளியோடு அப்படியே நின்று, ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் அடுத்த இலைக்கு நகர்வார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கோபித்துக்கொண்டு வாசலில் நின்றாலும் அந்தக் குரலுக்குத் திரும்பிவிடுவார். ஆல்பத்தில் அவரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்.

ஓசூரில் ஒரு ஸ்டூடியோவில், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர்களின் காலரைச் சரிசெய்து, முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்திவைக்கிற வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கேமரா பிடிக்கவும் அங்கேயே கற்றுக்கொண்டாள். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி, தோளில் மாட்டி, ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாள். மணப்பெண் அறைக்குள் கூச்சமில்லாமல் போய்வருகிற போட்டோகிராபர் என்று மூன்று மொழிக்காரர்களும் தேடிவந்து கூப்பிட்டார்கள். முகூர்த்தமே இல்லாத ஆடி மாதம் மட்டும்தான் அவளுக்குச் சிறைவாசம். கேமராவைத் துடைப்பாள், கேமராப் பையைத் துடைப்பாள், கடைசியில் வீட்டுக்குள் குறுக்கே நடக்கிறவர்களை நிறுத்திவைத்து எடுக்க ஆரம்பித்துவிடுவாள். கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற கணவர் மூர்த்தி, பல் துலக்கும் பிரஷ்ஷோடு எத்தனை கோணத்தில் நின்றிருக்கிறார் என்பதற்கு அந்த வீட்டில் ஆதாரம் இருக்கிறது.

இந்த ஆடியில் அந்தத் தொல்லை தாங்காமல்தான் மகள் சுவேதா வினையை விலைக்கு வாங்கினாள்.

சுவேதா கல்லூரியில் படிக்கிறாள். அதைவிட அதிகமாகக் கபடி ஆடுகிறாள். கெலமங்கலத்தில் பெண்கள் கபடிப் போட்டி வைத்தார்கள். நடத்துகிறவர் விஜயகுமார், ஹார்டுவேர் கடைக்காரர். ஆணி, பெயிண்ட் விற்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் கபடிக்குத்தான். "போட்டோ எடுக்க நல்ல ஆளா யாராச்சும் இருக்காங்களா?" என்று அவர் கேட்டதும், "எங்கம்மா இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டாள் சுவேதா. அம்மாவுக்குக் கபடியில் ஒன்றுமே தெரியாது என்பதைச் சேர்த்துச் சொல்ல மனசு வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி கல்யாணத்துக்குப் போகிற மாதிரியே போனாள். வரிசையில் நின்ற பெண்களின் காலரை இழுத்துவிட்டாள். சுவேதா அணியின் தலைவி மோகனப்ரியாவின் முழங்காலைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"ஏங்கண்ணு, முட்டில என்னாத்துக்கு அந்தத் துணி? கழட்டிடு. படத்துல நல்லா இருக்காது."

"ஆன்ட்டி, அது நீ-கேப்பு. கழட்டுனா முட்டி படத்துல இருக்கும், தோலு மண்ணுல இருக்கும்."

ஆட்டம் ஆரம்பித்தது. சுவேதாவின் முறை வந்தது. பாடிக்கொண்டே எதிரணிக் கட்டத்துக்குள் போனாள். ஒருத்தியின் தோளைத் தொட்டாள். இனி நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்துவிட்டால் பாயிண்ட். வருவதற்கு ஒரு எட்டுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மைதானமே அதிர ஒரு குரல்.

"சுவேதா! இங்க பாரு!"

பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குத் திரும்பியே பழகிய கழுத்து. திரும்பியது. திரும்பினதோடு நிற்காமல், பழக்கதோஷத்தில் ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டாள். மூன்று பெண்கள் மேலே வந்து விழுந்தார்கள். விசில்.

படம் என்னவோ பிரமாதமாக வந்தது. நெற்றிப்பொட்டு முதற்கொண்டு தெளிவு. அப்படியே கல்யாணத் தரகரிடம் கொடுக்கலாம். பொற்கொடிக்குத்தான் திருப்தியில்லை. குவியலாகக் கிடந்தவர்களிடம் போய், "கொஞ்சம் எழுந்து மறுபடி பிடிங்கம்மா, ரெண்டு பேரு முகம் மறைஞ்சுபோச்சு" என்றாள்.

நடுவர் வந்தார். "மேடம், இன்னொரு தடவ உங்க குரல் கேட்டுச்சுன்னா, வெளிய அனுப்பிடுவேன்."

எப்படியோ மற்றவர்கள் ஆடி அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். ஆனால் அந்த வாரம் பயிற்சியில் சுவேதா காலைத் தூக்கினால் போதும், மோகனப்ரியா ஆரம்பிப்பாள், "சுவேதா, இங்க பாரு!" உடனே மற்றவர்கள், "இல்லி நோடி! இக்கட சூடண்டி!"

விஜயகுமார் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "யக்கா, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. பொண்ணுங்க லட்சணமா இருக்காங்க. ஆனா இதுல கபடி எங்க?"

பொற்கொடி கேமராவை வாங்கி, தானும் ஒருதரம் தள்ளிப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயிறு செமி, ஃபைனல் ரெண்டும் இருக்குது. பேனருக்கு ஒரே ஒரு ஆட்டப் படம் வேணும்க்கா. வரலன்னா, அடுத்த போட்டிக்கு பெங்களூர்லருந்து ஆள வரச் சொல்லிடுவேன். கோச்சுக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் சுவேதா பையைத் தரையில் போட்டாள். "ம்மா, உன்னயச் சொன்னது நான். ஒரே ஒரு படம். நெஜமா ஆடுற படம். அது மட்டும் எடுத்துக் குடு. இல்லன்னா நான் டீம்ல தலை காட்ட முடியாது."

"ரூல்சு சொல்லிக் குடு. எடுக்கறேன்."

சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடந்தது. தண்ணீர் டம்ளர்கள் ஒரு அணி, வெங்காயங்கள் ஒரு அணி. டம்ளர் போய் வெங்காயத்தைத் தொட்டால் வெங்காயம் அவுட், வெளியே போய் உட்காரவேண்டும். வெங்காயங்கள் சேர்ந்து டம்ளரைப் பிடித்தால் டம்ளர் அவுட், வெளியே உட்கார்ந்த வெங்காயம் ஒன்று திரும்ப உள்ளே வரும். அதுவரை பொற்கொடி தலையாட்டினாள். போனஸ் கோடு வந்ததும் முகம் கலங்கிவிட்டது.

"அந்தக் கோட்ட எதுக்குத் தாண்டணும்?"

"போனஸுக்கும்மா!"

மூர்த்தி தட்டிலிருந்து தலைநிமிர்ந்தார். "எங்க கம்பெனில அந்தக் கோட்டப் போட்டு வச்சிட்டு, வருசா வருசம் தள்ளித் தள்ளி வரையறானுங்க. நாங்களும் தாண்டிப் பாக்கறோம்."

"ப்பா, நீ சும்மா இரு!"

கடைசியில் பொற்கொடி பாடம் நடத்திய வெங்காயங்களை எடுத்து நறுக்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு. ஆடிக்காற்று ஷாமியானாவைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பொற்கொடி வாயில் ஒரு எலுமிச்சை மிட்டாயை அடக்கிக்கொண்டாள். வாய் சும்மா இருந்தால் கூப்பிட்டுவிடும் என்ற பயம். பாதி செமி முடிவதற்குள் எத்தனையோ படம் எடுத்துவிட்டாள். எடுத்ததெல்லாம் நடந்து முடிந்தவை. தூசி. முதுகுகள். எழுந்து மண் தட்டிக்கொள்கிறவர்கள். ஒன்றில் நடுவரின் ஷூ மட்டும், மிகத் தெளிவாக.

இடைவேளையில் ஷாமியானா ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். கல்யாண வீட்டு ராணிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை ஒன்றே ஒன்றுதானே கேட்டாள்! இந்த ஆட்டம் புரிந்து, எப்போது என்ன நடக்கும் என்று தெரிந்து, அப்புறம் எடுப்பதென்றால் இந்த ஜென்மத்தில் நடக்கிற காரியமா? கல்யாணமென்றால் எல்லாம் புரியும்.

புரியுமா?

மிட்டாய் வாயில் அப்படியே நின்றுவிட்டது. அய்யர் சொல்கிற மந்திரத்தில் ஒரு சொல்கூட அவளுக்கு இன்றுவரை தெரியாது. தெலுங்குக்காரர் வீட்டில் சீரகமும் வெல்லமும் எப்போது தலையில் வைப்பார்கள், கன்னடக்காரர் வீட்டில் தாரை எப்போது வார்ப்பார்கள் என்பதையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் ஒரு தாலிகட்டைக்கூட அவள் தவறவிட்டதில்லை. ஏனென்றால் அவள் அய்யரைப் பார்ப்பதே இல்லை. வலது கண்ணைக் கேமராவில் வைத்து, இடது கண்ணால் முன்வரிசைப் பெண்களின் கைகளைப் பார்ப்பாள். அட்சதையைப் பொத்தி வைத்திருக்கிற அந்தக் கைகள் மடியைவிட்டுக் கிளம்பினால் போதும், அவள் விரல் அமுக்கிவிடும். கெட்டிமேளம் அப்புறம்தான் கேட்கும்.

இங்கே அட்சதை யார் கையில் இருக்கிறது?

அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. சுற்றிலும் தேடினாள். கூட்டம் லேட், விசில் ஊதினபிறகுதான் கத்துகிறது. விஜயகுமார் அதைவிட லேட், போனிலிருந்து நிமிர்ந்து "என்னாச்சு?" என்று கேட்கிறார். அப்போதுதான் ஆடுகளத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் இருந்த பெஞ்சு கண்ணில் பட்டது. அவுட்டான பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் அணிக்கு ஒரு பாயிண்ட் வந்தால் முதலில் அவுட்டானவள் உள்ளே போகலாம். டம்ளர் பாடத்தில் அவளுக்கு மறக்காமல் நின்றது அந்த ஒன்றுதான். அதனால் அந்தப் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்கிற பார்வையே வேறாக இருந்தது. ஓரத்துப் பெண் தொடையில் இரண்டு கையையும் ஊன்றினாள். பெஞ்சைவிட்டு எழும்பினாள். அதற்குப் பிறகுதான் விசில் வந்தது!

இன்னொரு தடவை பார்த்தாள். முதலில் எழும்பல், பிறகு விசில்.

பொற்கொடி கேமராவை அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கக் கோட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் சுவேதா அணியின் பெஞ்சு நேராகத் தெரிந்தது. அந்த அணி அந்த ஆட்டத்தை ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டது.

ஃபைனலில் எதிரணி ஆனேக்கல்காரப் பெண்கள். நல்ல உயரம், நல்ல பிடி. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறியதும் பொற்கொடியும் கேமராவோடு பக்கம் மாறினாள். இரண்டு படம் சுமாராக வந்தது. ஒன்றில் கை பாதி வெட்டுப்பட்டது, ஒன்றில் ஆள் பாதி.

ஆட்டம் சமமாகவே போய், கடைசி ரெய்டு வந்துவிட்டது. ரெய்டுக்கு வருகிறவள் ஆனேக்கல் பெண். பிடித்தால் சுவேதா அணிக்குக் கோப்பை. தொட்டுவிட்டுத் தப்பினால் அவர்களுக்கு. சுவேதா கொஞ்சம் முன்னால்தான் அவுட்டாகிப் பெஞ்சுக்குப் போயிருந்தாள். தன் மகள் இல்லாத ஆட்டம். பொற்கொடி அதற்காக ஒரு நொடி வருத்தப்பட்டாள். அப்புறம் இடது கண்ணை மகள் மேல் வைத்தாள்.

ஆனேக்கல் பெண் பாடிக்கொண்டே உள்ளே போனாள். வலப்பக்கம் சாய்ந்தாள், இடப்பக்கம் பாய்ந்தாள். ஓரத்தில் மோகனப்ரியா குனிந்து காத்திருந்தாள். பெஞ்சில் சுவேதா இரண்டு கையையும் தொடையில் ஊன்றினாள். பொற்கொடிக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, "சுவேதா!" என்று. மிட்டாயைக் கடித்தாள். அது நொறுங்கிற்று.

சுவேதா எழும்பினாள்.

விரல் அமுக்கியது.

விசில் வந்தது. அப்புறம் மைதானம் முழுக்கக் கூச்சல், காற்றில் ஷாமியானா, ஓடிவருகிற கால்கள். அவற்றுக்கு நடுவில் வேர்க்க விறுவிறுக்க சுவேதா வந்து நின்றாள்.

"ம்மா, எடுத்தியா?"

பொற்கொடி கேமராவைத் திருப்பிக் காட்டினாள். மோகனப்ரியாவின் இரண்டு கையும் ஆனேக்கல் பெண்ணின் கணுக்காலைப் பூட்டுப் போட்டதுபோலப் பிடித்திருந்தன. அந்தப் பெண் முழுசாக நீண்டு, கேமராவைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்தாள். அவள் விரல்நுனிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் ஒரு வெற்றிலை அகலம் மண். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் இங்கே பார்க்கவில்லை.

"அம்மாடி!" என்றாள் சுவேதா. படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தவள், பின்னால் பெஞ்சுக்கு வந்ததும் நின்றாள். கலங்கலாக ஒரு உருவம், பாதி எழுந்த நிலையில்.

"இது நானா? விசில் அடிக்கறதுக்கு முன்னயே எழுந்துட்டேனா?"

"மோகனா கை பட்டா வுடமாட்டான்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதான் உன்னயப் பாத்தே எடுத்தேன்."

சுவேதா அம்மாவின் தோளில் மண்முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதும் மோகனப்ரியா விடவில்லை. "ஆன்ட்டி, அப்படியே இருங்க! சுவேதா, இங்க பாரு!" என்று தன் போனைத் தூக்கினாள். இரண்டு பேரும் திரும்பினார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

பேனர் கெலமங்கலம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஏறியது. படம் அருமையாக இருந்தது. என்ன, சுவேதா எழும்புகிற இடத்தில் சரியாக விஜயகுமாரின் முகம் ஒரு வட்டத்துக்குள் கைகூப்பிக்கொண்டிருந்தது. "அடுத்த போட்டிக்கும் நீங்கதான்க்கா" என்று அவர் சொல்லிவிட்டதால் யாரும் சண்டைக்குப் போகவில்லை. பேனரில் மறைந்துபோன அந்த இடம் சுவேதாவின் வாட்ஸ்அப் டிபியில் இருக்கிறது. பெரிதாக்கிய பெஞ்சுப் பகுதி மட்டும். ஒன்றுமே தெரியாத அளவுக்குக் கலங்கல். யார் கேட்டாலும், "எங்கம்மா எடுத்தது" என்கிறாள்.

பேனரைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டியில் திரும்பும்போது பொற்கொடி கேட்டாள், "ஏங்கண்ணு, அந்தப் பொண்ணு கோட்டத் தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பின்னால் உட்கார்ந்திருந்த சுவேதா தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், மூர்த்தி எழுந்துபோய் டம்ளர்களை எடுத்துவந்து வரிசையாக வைத்தார்.