மகாராணி போட்ட கோடு

போடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தவசிக்கு முப்பது வருஷமாக ஒரே சோலி. மாப்பிள்ளை, பொண்ணு, சொந்தபந்தம் என்று நிற்கவைத்துப் படம் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போனவர், கோடை வந்தால் குரங்கணிக்கு மேலே அக்கா மகாராணியின் ஏலத்தோட்டத்துக்கு ஏறிவிடுவார். செடிக்குப் பாய்ச்ச வெட்டிய குளம் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தி கருக்கையில் வானம் அப்படியே அதில் இறங்கி உட்காரும். "இதுகிட்டதான் சிரிங்கன்னு கெஞ்ச வேண்டியதில்ல" என்பார்.

இந்த வருஷம் வாய் சும்மா இருக்கவில்லை. ஏலக்காய்க் கடை இப்ராஹிம் ராவுத்தரிடம், "வருஷா வருஷம் காலண்டர்ல எவன் ஊருப் பனிமலையோ போடுறீங்களே பாய், நம்ம மலைக்குளத்தைப் போடுங்க" என்றுவிட்டார்.

"கொண்டாங்க, போடுறேன்."

கடையில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குளத்தில் நட்சத்திரம் தெரிய நிலா இல்லாத இருட்டு வேண்டும்; சித்திரை அமாவாசையை விட்டால் சாரல் வந்து வானத்தை மூடிவிடும். படம் வராவிட்டால் தவசி பஜாரில் தலைகாட்ட முடியாது.

முதல் நாள் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி இருட்டுக்குக் காத்திருந்தார். திடீரென்று குளமே வெள்ளையாகிப் போச்சு. அக்கா புருஷன் சின்னமுத்து ஜீப்பைத் திருப்பி நிறுத்தி லைட்டைப் போட்டிருந்தார். அவர் தவசிக்குத் தாய்மாமன் மகனும்கூட. ரெண்டு வழியிலும் மச்சான், ரெண்டு பங்கு உபசாரம்.

"என்ன மச்சான் இது?"

"பொண்ணு குடுத்த வீட்டு ஆளு இருட்டுல உக்காந்திருந்தா எனக்கு மரியாதையா மாப்ளே?"

மறுநாள் ஜீப்புச் சாவியைத் தவசி வாங்கி வைத்துக்கொண்டார். மச்சான் வயரை இழுத்துக் கரையில் டியூப்லைட்டே கட்டிவிட்டார். அணைக்கச் சொன்னதும் அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"விளக்கு வைக்கிற நேரத்துல, கூடப்பொறந்தவ வீட்டுல, அணைன்னு சொல்றியேடா!"

மூன்றாம் நாள் அமாவாசை. வீட்டு விளக்கு எரியட்டும், குளத்துப் பக்கம் பொட்டு வெளிச்சம் வரக்கூடாது என்று மச்சானிடம் சத்தியமே வாங்கினார். மேற்கே கடைசிச் செவப்பு மங்க, நட்சத்திரம் மேலேயும் பூத்தது, தண்ணிக்குள்ளேயும் பூத்தது. பொத்தானை அமுக்கினார். கேமரா அரை நிமிஷம் கண்ணை மூடாமல் பார்க்கணும். அதற்குள் எதிர்க்கரையில் ஒரு டார்ச் ஆடி ஆடி வந்தது.

"தம்பி, வெரசா வா! வடை ஆறுது!"

"அக்கா, சத்தியம் பண்ணுனீங்களே!"

"அது உன் மச்சான் பண்ணுனது."

இன்னொன்று பிடிக்குமுன் மேகம் ஏறிவிட்டது. இருந்த ஒரே படத்தில் நடந்து வந்த அக்கா பதியவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் கரை நெடுகத் தங்கக் கோடாக நெளிந்து கிடந்தது. கூசிக்கொண்டேதான் ராவுத்தரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இப்படி ஒரு கோடு எந்தப் பனிமலையில இருக்கு?" என்று காலண்டரில் போட்டேவிட்டார்.

வால்நட்சத்திரம் என்கிறார்கள் பார்க்கிறவர்கள். மகாராணி மலையிறங்கும்போதெல்லாம் கடைக்குள் நுழைந்து விரல் வைத்துக் காட்டுகிறாள்: "கோடு நான்தான். இங்க நட்சத்திரம் கலங்கித் தெரியுதுல்ல? அது என் தட்டுலேருந்து ரெண்டு வடை தண்ணியில விழுந்த இடம்."