எல்லாம் காட்டன்

சாமளாபுரத்துக்கு மேற்கே தெய்வாத்தாளுக்கு ஒன்றரை ஏக்கர் காடு. அவள் கல்யாணமாகி வந்த வருடம் அங்கே சோளம் ஆள் மறைய நின்றது. பிறகு கிணற்று நீர் உப்பேறியது. மண் வெளுத்து, மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. ஐந்து வருடமாகக் கதிர் பிடிக்கவில்லை.

கணவர் லிங்கசாமி அந்த இடத்தைக் குடோன் கட்ட விட்டுவிடலாம் என்றார். அவள் ஒரே ஒரு வெள்ளாமை கேட்டாள். அடுத்த வருடப் புரட்டாசிப் பட்டத்தில் சோளம் வந்தால் காடு இருக்கட்டும், வராவிட்டால் உங்கள் இஷ்டம் என்றாள். அவள் அவரிடம் எதையும் கேட்கிற வழக்கமில்லை. அதனாலேயே அவர் ஒப்புக்கொண்டார்.

மண்ணைத் தேற்றக் குப்பை எரு அடிக்க வேண்டும். இரண்டு மாட்டுச் சாணம் ஒரு மூலைக்குக் காணாது. பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துண்டுகளை வண்டியில் அள்ளிப் போகும் தங்கதுரையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், இது என்ன துணி என்று. தெற்கத்திக்காரன். வண்டியை நிறுத்தாமலே சொன்னான்.

"எல்லாம் காட்டன்தான்க்கா."

காட்டன் என்றால் பஞ்சு. பஞ்சு காட்டில் விளைந்தது, காட்டிலேயே மக்கிப்போகும். அவனிடமே மூட்டை மூட்டையாய் வாங்கி, ஒரு வருடம் குழியில் சாணம் ஓர் அடுக்கு, துணி ஓர் அடுக்கு என்று போட்டு, கோமியம் ஊற்றி மூடிவைத்தாள். திறந்தபோது மேலாகக் கறுப்பாய், பொலபொலவென்று இருந்தது. கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். மண்வாசம்.

குப்பையைக் காடெல்லாம் இறைத்தபின் டிராக்டர் ஓட்ட வந்த முனீஸ் பாதி உழவில் இறங்கினான். கத்திகளில் இழை சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க்கா, சோளம் வெதைக்கறீங்களா, பனியன் வெதைக்கறீங்களா?"

அவளும் சிரித்துவைத்தாள். மிச்சமும் மக்கிவிடும் என்று நினைத்தாள்.

அந்த வருடம் மழை குறை வைக்கவில்லை. ஆனால் பயிர் முழங்காலுக்கு மேல் எழும்பாமல் மஞ்சளாய் நின்றது. ஒன்றைப் பிடுங்கினாள். வேர் மண்ணில் இறங்கவே இல்லை, நூல்வலைக்குள் சுருண்டு கிடந்தது. இழையை இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது.

தங்கதுரைக்கு போன் செய்தாள். அவன் பதறிப்போனான். "எங்க லைன்ல பனியன் துணின்னாலே காட்டன்னுதான்க்கா சொல்லுவோம். லைக்ரா, பாலியஸ்டர் எல்லாம் அதுக்குள்ளதான் வரும். நீங்க மாட்டுக்கடியில விரிக்கக் கேக்கீங்கன்னுல்லா நெனச்சேன்." அவனைத் திட்டாமல் போனை வைத்தாள்.

லிங்கசாமி வரப்பில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குடோன் பேச்சை எடுக்கவில்லை.

"தையில வேணா இன்னொருக்கா வெதைச்சுப் பாக்கறயா புள்ள?"

அவள் கையிலிருந்த பயிரைக் கீழே போட்டாள்.

"வேண்டாமுங்க. உப்புன்னாக்கூட நாலு மழைக்குக் கரையும். இந்தத் துணிய ஆரு பொறுக்கறது? குடுத்துருங்க."