நான் மறதிக்காரியாக இருந்த மாதங்கள்

எழுபதுகளின் நடுவில், நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்த இரண்டாம் வருடம், என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. நாற்பத்தெட்டு வயது. கட்டடக் கம்பனி ஒன்றில் படவரைஞர் வேலை. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் வலது கை சோர்ந்துவிட்டது, வலது கால் இழுபட்டது, சொற்கள் இடைக்கிடை சிக்கிக்கொண்டன. காலுக்கும் மூளைக்கும் ஒரே மருந்துதான், தினமும் நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியனுப்பினார்.

அவர் நடக்கவில்லை. ஜன்னலோரக் கதிரையிலேயே இருந்தார். முதல் வாரம் கெஞ்சினேன், இரண்டாம் வாரம் ஏசினேன்.

"நடந்து எங்கை போறது?" என்று கேட்டார்.

நாங்கள் குடியிருந்த கிளென் வேவர்லியில் அப்போது எங்களுக்கு யாரையும் தெரியாது.

ஒருநாள் கடையிலிருந்து வந்த பிறகுதான் வெங்காயம் வாங்காதது தெரிந்தது. அடுப்பில் சட்டி ஏறியிருந்தது. நான் மறுபடி கோட்டை எடுத்தபோது, "விடும், நான் போட்டு வாறன்," என்று அவர் எழுந்தார். ஸ்டேஷனடிக் கடைக்குப் போய்வர எனக்கு இருபது நிமிடம். அவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கேற்றடியில் நின்று நின்று எனக்குக் கால் கடுத்துவிட்டது. அன்று அவர் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்தநாள் வேண்டுமென்றே சீனியை மறந்தேன். அதற்கடுத்த நாள் தேயிலை.

சில மாதங்கள் இப்படியே போயின. அவருடைய நடை தேறியது. ஆனால் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு கவலை வந்திருந்தது. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். வாங்கவேண்டிய சாமான்களை வழியில் வரிசையாகச் சொல்லச் சொல்வார்; கடக்கிற தெருக்களின் பெயர்களைக் கேட்பார். நான் தெரியாததுபோல் நின்றால், அந்தச் சொல்லைத் தேடி எடுத்துத் தருவது அவராகவே இருக்கும்.

கடைசியில், என்னிடம் சொல்லாமலே என் மறதிக்காக டொக்டரிடம் நேரம் எடுத்து என்னைக் கூட்டிப் போனார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கும்படி டொக்டர் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இவருடைய உதடுகளும் அசைவதைக் கண்டேன். ஐம்பத்தெட்டில் நிறுத்திவிட்டேன். இவர் ஐம்பத்தொன்று என்றார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு இவரையே பார்த்தார்.

வெளியே வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"உமக்கும் ஏதோ வந்திட்டுதெண்டு நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமே?" என்றார். மூன்று நாள் அவர் நடக்கவும் இல்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆறுதல் வரவில்லை. ஒரு நோயாளியை மாதக்கணக்கில் பயத்தில் வைத்திருந்திருக்கிறேன்.

நான்காம் நாள் காலை, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் அவர் வந்தார்.

"வாரும், நடப்பம்."

கடைக்கா என்று கேட்டேன்.

"கடை வேண்டாம். சும்மா நடப்பம்."

வலது கை கடைசிவரை பழையபடி வரவில்லை. பென்சிலை விட்டுவிட்டு, வேறு பிரிவில் அரைநாள் வேலைக்குப் போனார். நடையை மட்டும் விடவில்லை. குளிர்காலத்தில் வெளியே வராமலிருக்கச் சாட்டுச் சொல்வது நான்தான். அவர் மறுத்துப் பேசமாட்டார்; என் சப்பாத்தைக் கதவடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பார்.