அண்ணையின் நாயும் என் அருவருப்பும்

அண்ணை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். சற்று நேரத்தில் அவருடைய கால்கள் உதறத் தொடங்கின. நித்திரையிலேயே ஏதோ முனகினார். வாசலில் கிடந்த மண்ணிற நாய் எழுந்து போய், முன்னங்கால்களை அவர் நெஞ்சில் வைத்து முகத்தை நக்கியது. கன்னம், மூக்கு, உதடு எல்லாம். அவர் கண்விழித்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். குசினிக்குள் நின்று பார்த்த நான் கிணற்றடிப் பக்கம் ஓடிப்போய், சாப்பிட்டது முழுவதையும் சத்தி எடுத்தேன்.

புத்தூர் வீட்டில் அண்ணையும் தங்கையுமாக நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணை தோட்டம் செய்கிறார். நான் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். போரின் கடைசிச் சண்டையிலிருந்து உயிரோடு திரும்பியதிலிருந்து அண்ணைக்குச் சனக்கூட்டம் ஆகாது. தண்ணீர் இறைக்கிற இயந்திரம் திடீரென்று வெடிச்சத்தம் போட்டு நின்றால் வெங்காயப் பாத்திக்குள் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொள்வார். வருடக்கணக்காக மனநலக் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்தார். வெளிநாடுகளில் இப்படியானவர்களுக்கென்று நாய் பழக்கிக் கொடுப்பார்கள் என்று அங்கிருந்த மருத்துவர்தான் சொன்னார். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் இணுவிலில் நாய் பழக்குகிற ஒருவரை அவருக்குத் தெரியும்.

அந்த மனிதர் தெருவில் எடுத்து வளர்த்த ஒரு பெட்டை நாயைக் கொடுத்து, மாதக்கணக்கில் இரண்டு பேரையும் சேர்த்தே பழக்கினார். அண்ணையின் மூச்சு வேகமானால் அது அவர் மடியில் தலையை வைத்து அழுத்தும். கெட்ட கனவு கண்டால் எழுப்பும். வரிசையில் நின்றால், பின்னால் ஒருவரும் நெருக்காதபடி குறுக்கே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அவித்த ஈரல் ஒரு துண்டு. அந்த ஈரல் அண்ணையின் காற்சட்டைப் பைக்குள் கிடந்து நாறும். தோய்ப்பது நான்.

பலன் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அண்ணை தனியாக வங்கிக்குப் போனார், சந்தைக்குப் போனார். எனக்குத்தான் வீடு வீடாக இல்லை. மழை பெய்தால் அதன் நாற்றம் சுவரில் ஏறியது. ஒருநாள் ஆவி பறக்கிற இடியப்பத்துக்குள் ஒரு மண்ணிற மயிர். அன்றைக்கு அவித்தது முழுவதையும் மாட்டுக்குப் போட்டேன்.

எல்லாவற்றையும்விட, அது தண்ணீர் குடிக்கிற சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசிச் சண்டையில் நானும் அண்ணையும் வேறு வேறு இடங்களில் அகப்பட்டிருந்தோம். பதுங்குகுழியைவிட்டுத் தண்ணீர் எடுக்க வெளியே வந்தபோது, வீதியோரம் கிடந்த ஒரு மனுசியை நாய்கள் தின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். அதில் ஒன்றின் கழுத்தில் யாரோ ஆசையாகக் கட்டிய சிறிய மணி இருந்தது. தின்னத் தின்ன அது கிலுங்கியது. அதற்குப் பிறகு எந்த நாயின் வாயும் எனக்கு அந்த வாய்தான். இதை நான் அண்ணைக்குச் சொல்லவில்லை. அவருக்கு இருக்கிறதே போதும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் கரவெட்டியில் எங்கள் மாமா செத்துப்போனார். நாயைக் கொண்டுபோக வேண்டாம் என்று அண்ணையிடம் கெஞ்சிப் பார்த்தேன். அது இல்லாமல் அந்தச் சனத்துக்குள் நிற்க ஏலாது என்றார். பந்தலின் ஓரத்தில் கதிரை போட்டு இருந்தோம். நாய் அவர் காலடியில் சத்தமில்லாமல் கிடந்தது. பிரேதம் எடுக்கிற நேரம் வாசற்படலையடியில் வெடி கொளுத்தினார்கள்.

அண்ணை கதிரையோடு சரிந்தார். கைகள் தலையைப் பொத்தின. வேட்டி நனைந்தது. நாய் உடனே அவர் தொடைகளின் மேல் ஏறிப் படுத்து, தன் பாரம் முழுவதையும் அவர்மேல் போட்டது. மாமாவின் மகளைக் கட்டிய மருமகன் வந்து நின்று பார்த்தான்.

“செத்தவீட்டுக்கை உந்தச் சனியனை ஆர் கொண்டுவரச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு அதன் விலாவில் உதைத்தான்.

நாய் வீரிட்டது, ஆனால் இறங்கவில்லை. கனடாவில் இருக்கிற உறவினர் பார்ப்பதற்காகச் செத்தவீட்டை நேரலையில் ஒளிபரப்பிக்கொண்டிருந்த கமராக்காரன், பிரேதத்தை விட்டுவிட்டு அண்ணையின் பக்கம் திரும்பினான். நனைந்த வேட்டியைக் கிட்டப்போய்ப் படம் எடுத்தான். அவனை ஒருவரும் தடுக்கவில்லை. சிலர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். சிறிது நேரத்துக்கு முன் மாமாவுக்காக மாரடித்து அழுத ஒருத்தி, முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

எனக்கு அருவருத்தது. இந்த முறை நாயால் அல்ல. எழுந்துபோய்க் கமராவுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். மருமகன் திரும்பவும் காலைத் தூக்கியதும், நிலத்தில் கிடந்த நாயின் வாரை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன். அது எச்சிலில் ஊறி வழுவழுத்தது. கை கூசியது, ஆனாலும் விடவில்லை.

“இன்னொருக்கா உதைச்சுப் பார்,” என்றேன்.

அவன் ஏதோ புறுபுறுத்தபடி போய்விட்டான். அண்ணையின் மூச்சிரைப்பு மெல்லமெல்லத் தணிந்தது. ஓட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் என் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தேன். அண்ணை கவனித்துவிட்டார்.

“உனக்கு உந்த நாயைக் கண்டால் ஏன் அப்பிடி, பிள்ளை?” என்று கேட்டார்.

சொன்னேன். மனுசியை, மணியை, எல்லாவற்றையும்.

“நானும் கண்டனான்,” என்றார். “வேற இடத்திலை. முதல் மாதம் இதைத் தொட்டுப்போட்டு நானும் போய்ப்போய்க் கைகழுவினனான். உனக்குத் தெரியக்கூடாதெண்டு கிணத்தடிக்குப் போகேல்லை, தோட்டத்து வாய்க்காலிலை கழுவினனான்.”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் ஒளித்துச் சத்தி எடுத்திருக்கிறோம், கைகழுவியிருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இரண்டாம் நாள் கனடாவிலிருந்து பெரியம்மா தொலைபேசி எடுத்தார். வீடியோ பார்த்தாராம், மானம் போய்விட்டதாம். முழுவதையும் கேட்காமல் வைத்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் நாங்கள் போகவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இப்போது எனக்கும் அங்கே மருந்து எழுதுகிற கொப்பி ஒன்று இருக்கிறது. மருத்துவர் என்னிடம் சாவதானமாகக் கதைத்தார். முடிவில், எனக்கும் ஒரு நாய் உதவுமோ என்று யோசிப்பதாகச் சொன்னார்.

“வேண்டாம் ஐயா,” என்றேன். “வீட்டிலை இருக்கிறதையே நான் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

அவர் சிரித்துவிட்டுக் குளிசை எழுதித் தந்தார்.