பொடி கொடுத்த முகம்

என் சம்சாரத்தை நான் அடிக்கிறேன் என்று எங்கள் காலனியில் பேச்சு. அது என் காதுக்கு வர மூன்று மாதம் ஆனது.

நான் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வெல்டர். ஆறாவது வரை தமிழில் படித்தேன், குடியாத்தம் பக்கம். அதோடு சரி. இங்கே ஐதராபாத்தில், மௌலா அலியில் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. நான், சம்சாரம், ஒரே மகள். வீட்டில் அதிகம் பேச மாட்டேன். வெளியிலும் அப்படித்தான்.

அவளுக்கு முழங்கால் வலி. மாடிப்படி இறங்கினால் ஒரு பாடு, ஏறினால் ரெண்டு பாடு. ஆஸ்பத்திரியில் தேய்மானம் என்றார்கள். மாத்திரை தந்தார்கள், காலை நீட்டி மடக்கச் சொன்னார்கள். கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

எங்கள் ஷாப்பில் ஒரு ஃபிட்டர் ஒரு பொடியைப் பற்றிச் சொன்னான். அவன் மாமியார் சாப்பிட்டு எழுந்து நடக்கிறாளாம். பஸ்ஸில் அரை மணி நேரம் போய், ஒரு சந்துக்குள் நுழைந்தால் ஒரு ரூம். வெளியே பெஞ்சு. உள்ளே ஒருவர். சுவரில் செடி கொடிப் படம். "எல்லாம் வேரும் பட்டையும்தான். இங்கிலீஷ் மருந்து ஒரு துளி கிடையாது" என்றார். காகிதத்தில் மடித்த பொட்டலங்கள். காலையில் ஒன்று, தேனில்.

நான்தான் அழைத்துப் போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் அவள் கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள். கீழே நின்று பார்த்தேன். கீழே வந்து, "இன்னாங்க பாக்கறீங்க" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அதற்கப்புறம் தினமும் நானே குழைத்துக் கொடுத்தேன். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பொட்டலத்தைப் பிரித்து, தேன் விட்டு, ஸ்பூனோடு அவள் கையில் கொடுப்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவளுக்கென்று நான் செய்த வேலை அது ஒன்றுதான் இருக்கும். ஒன்றரை வருஷம் ஒரு நாள் தவறவில்லை.

அவள் பிறந்ததிலிருந்து ஒல்லி. எங்கள் வீட்டில் ஒட்டடைக்குச்சி என்றே கூப்பிடுவார்கள். பொடி சாப்பிட்ட பிறகு முகம் பூசினாற்போல் ஆனது. கன்னம் வந்தது. ஒரு சிவப்பும் வந்தது. ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என் அக்கா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, ஐதராபாத் சாப்பாடு இத்தினி வருசம் கழிச்சா ஒடம்புல ஒட்டுது?"

"உங்க தம்பி இப்பத்தான் சோறு போடறாரு அண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். போட்டோ எடுக்கும்போது எப்போதும் பின்னால் ஒளிகிறவள், அன்றைக்கு முன் வரிசையில் நின்றாள்.

பிறகு கையில் நீலம் வர ஆரம்பித்தது. சமையல் மேடை விளிம்பில் பட்டால் நீலம். வளையல் அழுத்தினால் நீலம். பஸ்ஸில் யாரோ இடித்தால் மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு. அவளுக்கு வலி இல்லை. அதனால் விட்டுவிட்டோம். முந்தானையால் மூடிக்கொள்வாள். மூடினது தப்பாகப் போய்விட்டது.

ஷாப்பில் ஒரு நாள் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தவன் கேட்டான்.

"இன்னா உஸ்தாத், வெல்டிங்கு வீட்லயும் நடக்குதாமே?"

"புரியல."

"உன் பீவி கையெல்லாம் நீலமாம். என் வீட்ல பாத்துட்டு வந்து சொல்லுது. பொண்ணு வளந்துட்டா உஸ்தாத். நக்கோ, வேணாம், வுட்டுடு."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். டிபன் பாக்ஸை மூடினேன். அன்றைக்கு வைத்த வெல்டிங் தையலில் இரண்டு வெடித்துப் போய், திரும்ப வைத்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் மகள் என்னைக் கூப்பிட்டாள். டிகிரி இரண்டாம் வருஷம். தமிழ் புரியும், பேசவும் பேசுவாள். கோபம் வந்தால் தெலுங்கு.

"நைனா, ஹப்சிகுடா வரைக்கும் வா."

"எதுக்கு?"

"நெட் சென்டர். உனக்கு ஒண்ணு காட்டணும்."

தெருவுக்குத் தெரு நெட் சென்டர் இருந்த காலம். நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. பிளைவுட் அடித்த சின்னச் சின்னத் தடுப்பு. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். நோட்டில் அவள் பெயரும் மணியும் எழுதினாள். ஒரு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டாள். விசைகளில் பாதிக்கு எழுத்து அழிந்திருந்தது. அவள் பார்க்காமலே தட்டினாள்.

ஒரு படம் வந்தது. ஒரேயடியாக வரவில்லை, மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் தலைமுடி. செம்பட்டை. யாரோ வெள்ளைக்காரி என்று நினைத்தேன். நெற்றி வந்தது, கண் வந்தது. கன்னம் வரும்போது ஸ்டூலை முன்னால் இழுத்தேன். மோவாய் வரை வந்து நின்றது.

என் சம்சாரம்.

நிறம் வேறு, கண் வேறு, நாடு வேறு. முகம் அவளுடையது. அதே உருண்டை, அதே சிவப்பு, காதை மறைக்கிற அதே கன்னம். பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் பழைய படம். ஒல்லியான முகம்.

"இது யாரு?"

"தெரியாது நைனா. இது ஒரு நோவு."

மகள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். "உன் மேல டவுட் எனக்கு. அம்மாவக் கேட்டா இல்லைங்குது. நீயும் பேச மாட்டே. அதான் கையில நீலம்னு போட்டுத் தேடினேன். மொதல்ல வந்ததெல்லாம் பொண்டாட்டிய அடிக்கறவங்களப் பத்தி. படிச்சிகினே போனேன். அதுக்கப்புறம் இது வந்துச்சு."

நான் அந்த ஸ்டூலிலேயே இருந்தேன். ஷாப்பில் அவன் சொன்னபோது டிபனை மூட முடிந்தது. இங்கே எதையும் மூட முடியவில்லை.

அவள் படித்துச் சொன்னாள். முகம் வட்டமாகும். கழுத்துக்குப் பின்னால் சதை வைக்கும். கை கால் இளைக்கும். லேசாகத் தட்டினால் நீலம். தாகம் எடுக்கும். எலும்பு உள்ளுக்குள் வலுவிழக்கும். எல்லாம் வீட்டில் இருந்தது. ஸ்டீராய்டு என்கிற மருந்தை ரொம்ப நாள் தின்றால் இப்படி ஆகுமாம்.

"அவ அப்படி எதுவும் சாப்பிடலையே."

"நாட்டு மருந்துன்னு விக்கற பொடியில கலக்கறாங்களாம் நைனா. சொல்லாம."

எழுந்துவிட்டேன்.

"இரு நைனா. கீழ இன்னும் இருக்குது. பேஜ் முடியல."

நான் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அவளும் மீதியைப் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவில் இருந்த பொட்டலம் அத்தனையையும் பாத்ரூம் சாக்கடை ஜாலியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். சம்சாரம் வாசலில் நின்றாள்.

"இன்னா பண்றீங்க?"

"விஷம்."

"நான் நடக்கறேனே."

"நடக்க வேணாம்."

முதல் நாள் சோர்வாக இருந்தாள். இரண்டாம் நாள் சாப்பாடு வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் வாந்தி. எனக்கு அதில் ஒரு திருப்தி. விஷம் வெளியே போகிறது என்றேன். பக்கத்து வீட்டம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

நாலாம் நாள் காலையில் எழுந்து உட்கார முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு இருந்தேன்.

"ஆஸ்பத்திரி போலாம் நைனா" என்றாள் மகள்.

"ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். நீ காலேஜுக்குப் போ."

போனாள். பதினோரு மணி வாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. அந்தம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, பொடி இருக்குதா?"

"கொட்டிட்டேன்ல."

"ஒரு பொட்டலம் கூட இல்லியா?" மூச்சு வாங்கினாள். காலேஜுக்குப் போகாமல் நெட் சென்டரில் இறங்கியிருக்கிறாள். "கீழ எழுதியிருக்குது நைனா. பெருசாவே எழுதியிருக்குது. திடீர்னு நிறுத்தக் கூடாதாம். நிறுத்தினா வாந்தி வரும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பேச்சு நக்கோ, போ."

ரிசீவரை வைத்தேனா கீழே விட்டேனா தெரியவில்லை. வீட்டுக்குள் போய் அவளைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். திறந்த கண் என்னைப் பார்க்கவில்லை. கை ஜில்லென்று இருந்தது.

பக்கத்து வீட்டம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு மாடி. ஆட்டோவில் அவள் தலை என் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பிடிங்க பாய், நல்லா பிடிங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். திரும்பவும் அடித்தார். நர்ஸைப் பார்த்தார்.

"என்ன மருந்து சாப்பிடுறாங்க?"

பொடியைச் சொன்னேன். மகள் சொன்ன பெயரையும் சொன்னேன். அவர் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். என் அக்கா பார்த்த மாதிரியே.

"நிறுத்தியாச்சா?"

"நாலு நாள்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். நான் சுவரோரம் நின்றேன். மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள். கையில் பிரிண்ட் எடுத்த காகிதம். நாலு மணி வாக்கில் சம்சாரம் மோர் கேட்டாள்.

டாக்டர் பிறகு விளக்கினார். அந்த மருந்து மாதிரி ஒன்றை உடம்பு தானே செய்துகொள்ளுமாம். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு அந்த வேலையை விட்டுவிடும். எனக்கு இது புரிந்தது. காண்ட்ராக்ட் ஆள் வந்ததும் நம் ஆளை வேறு செக்ஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நாள் காலையில் காண்ட்ராக்டைத் துரத்தினால் ஷாப்பில் யார் இருப்பார்கள். நான் துரத்தினேன்.

சீட்டு எழுதித் தந்தார். மகள் வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"மேடம், இது ஸ்டீராய்டு."

"ஆமா. அதேதான்."

"அதையே மறுபடி குடுக்கறதா?" என்றேன்.

"குடுக்கணும். அளவு தெரிஞ்சு குடுக்கணும். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். நீங்களா ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது."

அந்த மாத்திரை முழுசாக நிற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. காலையில் நான்தான் கொடுத்தேன். முழங்கால் வலி திரும்ப வந்தது, முன்னை விட அதிகமாக. இதையும் சொல்ல வேண்டும்.

அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த மூன்றாம் நாள் நான் அந்தச் சந்துக்குப் போனேன். என்ன செய்யப் போனேன் என்று எழுத முடியாது. கையில் ஒரு இரும்பு வைத்திருந்தேன் என்பது மட்டும் உண்மை.

ரூம் பூட்டியிருந்தது. பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒன்றரை வருஷமாக அதே பெஞ்சைப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் முகங்களைப் பார்த்தேன். நாலு பேருக்கு அதே முகம். உருண்டை, சிவப்பு, காதை மறைக்கிற கன்னம். நெட் சென்டரில் பார்த்த படம் நாலாக உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பழகின முகம் என்று.

"சாப்பிடாதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அதைச் சொன்னால் நாலாம் நாள் இவர்கள் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாப்பிடுங்கள் என்றும் சொல்ல முடியாது. வெயிலில் அப்படியே நின்றேன்.

பிறகு பேசினேன். அவ்வளவு நீளமாக நான் என் வாழ்க்கையில் பேசியதில்லை. தெலுங்கும் தமிழும் கலந்து, முதலிலிருந்து கடைசி வரை. பொடியில் என்ன இருக்கிறது. நிறுத்தினதும் என்ன ஆனது. நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்தப் பொடியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

"நீ டாக்டரா?" என்றார் ஒரு பெரியவர்.

"வெல்டர்."

"அப்ப ரயிலைப் பாரு. உன் சம்சாரத்துக்கு ஒத்துக்கல. எனக்கு ஒத்துக்குது. நான் ஓடறேன், பாக்கறியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கதவைப் பார்த்தார்கள். நான் திரும்பினேன். அந்த நாலு பேரில் ஒரு அம்மா மட்டும் எழுந்து வந்தார். தமிழ்க்காரர்தான், சைனிக்புரியில் வீட்டு வேலை செய்கிறவர்.

"எங்கண்ணே போவணும்? எந்த பஸ்ஸு?"

"நானும் அங்கதான் போறேன். வாங்க."

டாக்டரைப் பார்க்க வரிசை இருந்தது. அதுவரை வார்டில் சம்சாரம் பக்கத்தில் அவரை உட்கார வைத்தேன். சம்சாரம் நல்ல தெளிவாக இருந்தாள்.

"முட்டியா, இடுப்பா?" என்று கேட்டாள்.

"இடுப்பு. ஆறு வீடு பெருக்கறேன் அக்கா. பொடி இல்லாட்டி குனிய முடியாது."

"எனக்கும் அப்படித்தான். நல்லாத்தான் நடந்தேன்."

நர்ஸ் மருந்து டிரேயோடு வந்தாள். கட்டிலில் ஒரு முகம், ஸ்டூலில் ஒரு முகம். மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள், "கூடப் பொறந்தவங்களா?"

இல்லை என்றேன்.