இரண்டாம் சீட்டில் தோற்ற கார்கள்

1. நகராத வண்டி

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் டாக்ஸி ஓட்டி முழங்கால் தேய்ந்த பிறகு எனக்குக் கிடைத்தது, நகராத கார்களைக் கட்டி மேய்க்கிற வேலை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் எங்கள் முதலாளி ஒரு வீடியோ கேம் ஹால் திறந்தார். ரேஸ் ஓட்ட இரண்டு சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டியரிங், கியர், பெடல், முன்னால் ஒரு பெரிய திரை.

முதல் நாள் என்னையே உட்கார வைத்தார். முதல் வளைவு வந்ததும் கை தானாக ஹார்னைத் தேடியது. ஹார்னே இல்லை!

"ரேஸ் கார்ல ஹார்ன் எதுக்கு மணி?" என்று சிரித்தார்.

கொண்டை ஊசி வளைவில் ஹார்ன் அடிக்காமல் திரும்புகிறவனை அதுவரை நான் மனுஷனாகவே மதித்ததில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு அப்படிப்பட்டவர்களுக்கே சீட் துடைக்க வேண்டியதாயிற்று.

வருகிற டூரிஸ்ட் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணா, சிவப்பா, சில்வரா, எது பெஸ்ட்?" சிவப்பு இத்தாலிக் கார், நேர் ரோட்டில் பறக்கும். சில்வர் ஜெர்மன் கார். வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்பும். ஒழுங்காகக் கம்பேர் செய்ய வேண்டுமென்றால் ஒரே ட்ராக், ஒரே டயர், ஒரே வானிலை வைத்து மூன்று லேப் ஓட்டி, நல்ல டைமை எடுக்க வேண்டும். நம் ஆட்கள் ஒன்றை மழையிலும் மற்றதை வெயிலிலும் ஓட்டிவிட்டு, மழையில் ஓடியது வேஸ்ட் என்று தீர்ப்புச் சொல்வார்கள். தோற்றவன் காரைத் திட்டுவான். ஜெயித்தவன் தன்னைப் புகழ்ந்துகொள்வான். ஜெயித்த காரைப் புகழ்ந்த ஒருத்தரை நான் இன்னும் பார்க்கவில்லை.

2. சக்கரம் இல்லாத வண்டிக்குப் பூஜை

ஆயுத பூஜை வந்தது. சீட்டுகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. முதலாளி கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு நின்றார்.

"பழத்து மேல வண்டிய ஏத்தோணுமல்லப்பா?"

"சக்கரமே இல்லீங்களே."

"பெடல் இருக்குதல்ல?"

ஒவ்வொரு பிரேக் பெடலுக்குப் பின்னாலும் ஒரு பழத்தை வைத்து, தானே உட்கார்ந்து மிதித்தார். முதல் சீட்டில் பழம் நசுங்கிச் சாறு என் சட்டையில் தெறித்தது. இரண்டாம் சீட்டில் ஒன்றும் ஆகவில்லை. நல்ல கெட்டிக்காய். "எங்காச்சும் உருண்டு போயிருக்கும், உடுப்பா" என்று எழுந்துவிட்டார். குனிந்து பார்க்க என் முழங்கால் சம்மதிக்கவில்லை. முதலாளியே சொல்லிவிட்டார் என்று நானும் விட்டுவிட்டேன்.

3. விஜயதசமிக்கு வந்த மாப்பிள்ளை

மறுநாள் ஹாலைக் கஸ்டமர்களுக்குத் திறக்கவில்லை. முதலாளியின் ஒரே மகள் சுகன்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபி குடித்த கையோடு நேராக இங்கே வந்தார்கள். மாப்பிள்ளை அருணுக்குப் பெங்களூரில் வேலை. சுகன்யா வாழவந்தியில் இருக்கும் காபித் தோட்டத்தைத் தானே நின்று பார்த்துக்கொள்கிற பெண். ஜீப் ஓட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடும்.

மாப்பிள்ளையின் அம்மா சேரில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார். "நாங்க ஒண்ணுமே கேக்கலீங்க. பையன் கார்னா உசுர உடுவான். நீங்களா பார்த்துச் செஞ்சா சரீங்க."

ஒன்றுமே கேட்காதவர்கள் கேட்காமல் விட்டது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பா, சில்வரா என்பது மட்டும்தான் பாக்கி. அதைக் கேமில் ஓட்டிப் பார்த்துச் சொல்வதாக அருணின் ஏற்பாடு. முதல் வேகத்தடையிலேயே வயிறு உரசுகிற வண்டியை இந்த மலையில் எங்கே ஓட்டுவார் என்று யாரும் கேட்கவில்லை. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

சுகன்யா கதவோரம் என்னிடம் வந்தாள். "மணியண்ணா, கார் வந்தா வாழவந்தித் தோட்டம் போயிருமுங்க. அப்பா வெலை பேசி வெச்சுட்டாருங்க."

"அடக் கொடுமையே! மாப்பிள்ளையாச்சும் உனக்குப் புடிச்சிருக்குதா கண்ணு?"

"ஆளைப் பத்தி இன்னும் யாருங்கண்ணா பேசினாங்க? காரைப் பத்தித்தான பேசறாங்க."

சம்பளக்காரன் பேசி என்ன ஆகப் போகிறது? மிஷினை ஆன் செய்தேன்.

4. கம்பேரிசன்

அருண் இரண்டாம் சீட்டில் ஜெர்மன் காரை எடுத்தார். "கம்பேர் பண்ண இன்னொரு ஆள் வேணும். சும்மா ஓட்டுங்க, போதும்" என்று சுகன்யாவை முதல் சீட்டில் இத்தாலிக் காரோடு உட்கார வைத்தார். ஒரே ட்ராக், ஒரே டயர், நல்ல வெயில்.

நேர் ரோடு முடிகிற இடத்தில் ஒரு பெரிய வளைவு. அருண் பிரேக்கை மிதித்தார். கார் நிற்காமல் போய்ச் சுவரில் மோதியது. இரண்டாம் லேப்பிலும் அதே சுவர். மூன்றாம் லேப்பில் இன்னும் கொஞ்சம் அழகாக மோதியது. சுகன்யா பாட்டுக்குச் சுற்றி முடித்துவிட்டாள்.

"ஜெர்மன் வேஸ்ட், அங்கிள். இத்தாலியே எடுத்துருங்க" என்றார் அருண். பிறகு சந்தேகம் வந்து, அதே சீட்டில் இத்தாலிக் காரைப் போடச் சொன்னார். போட்டேன். இத்தாலிக் காரும் அதே சுவருக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஹலோ மிஸ்டர், மிஷினை ஒழுங்கா மெயின்டெயின் பண்றதில்லையா?" என்று என் மேல் பாய்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி பக்கம் திரும்பினார். "ரெண்டுமே எனக்கு செட் ஆகல அங்கிள். இதுக்கும் மேல ஒரு மாடல் இருக்கு. அதையே பார்த்துடலாம்."

அவருடைய அம்மா அப்பாவியாகத் தலையாட்டினார். "கொழந்தை ஆசைப்படறானுங்க."

"அப்ப செம்மநத்தத்துல இருக்கறதையும் சேர்த்துத்தானுங்க குடுக்கோணும்" என்று முதலாளி முனகினார். இருக்கிற தோட்டமே இரண்டுதான். இரண்டும் சுவரில் மோதப் போகிறது என்று எனக்குப் பட்டது.

சுகன்யா எழுந்தாள். "ஒரு நிமிசமுங்க. அந்தச் சீட்டுல நான் ஓட்டிப் பாக்கறனுங்க. அவரு வேண்டாம்னாரே, அந்த ஜெர்மன் காரையே போடுங்க மணியண்ணா."

முதல் வளைவில் பிரேக்கை மிதித்ததும் அவள் கண் திரையின் ஓரத்துக்குப் போனது. பிரேக் எவ்வளவு விழுகிறது என்று காட்டுகிற கோடு பாதியிலேயே நின்றது. அதற்கப்புறம் வளைவுக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்தாள். கியரைக் குறைத்துக் குறைத்து இறக்கினாள். லோடு ஏற்றிய ஜீப்பை மலையிறக்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். சுவர் பக்கமே போகவில்லை. இத்தாலிக் காரில் அவளே ஓட்டிய டைமைவிட நல்ல டைம் வந்தது.

இறங்கினாள். குனிந்து பெடலுக்குப் பின்னால் கையை விட்டு, பாதி நசுங்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"பார்த்தீங்களா அங்கிள்! பிரேக் சரியில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்!" என்று அருண் துள்ளினார்.

"தெரிஞ்சேதானுங்க அத்தனை வாட்டியும் அதே செவுத்துல இடிச்சீங்க?" என்று கேட்டாள் சுகன்யா.

பழத்தை அருண் கையிலேயே வைத்தாள். "வெச்சுக்கோங்க. உங்க சம்பாத்தியத்துல கார் வாங்கறப்ப டயருக்கு அடியில வெக்கலாமுங்க. எங்க தோட்டத்தை வெச்சு ஏத்த வேண்டாமுங்க."

"அபசகுனம்! பழத்தை அங்க வெச்சது யாருங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினார்.

முதலாளி என்னைப் பார்த்தார். போச்சு, என் தலையில்தான் விழப் போகிறது என்று நின்றேன். பிறகு மகளைப் பார்த்தார்.

"நான்தானுங்க வெச்சேன்" என்றார் நிதானமாக. "சாமி புண்ணியத்துல வெச்சேன். காபி குடிச்சாச்சல்லங்க, பார்த்துப் போய்ட்டு வாங்க."

அவர்கள் கார் கிளம்பியதும் விலை பேசியவருக்குப் போன் போட்டு, தோட்டம் கொடுப்பதாக இல்லை என்றார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. வேலை போய்விடும் என்று சீட்டைத் துடைத்தேன்.

5. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

தினமும் ஹாலைத் திறந்ததும் ஒவ்வொரு பிரேக்கையும் அடிவரை மிதித்துப் பாருங்கள். முழங்கால் வலித்தாலும் குனிந்து பாருங்கள். எடுத்த காரெல்லாம் ஒரே சுவரில் மோதுகிறது என்று ஒருவர் சண்டைக்கு வந்தால், காரை மாற்றிக் கொடுக்காதீர்கள். ஆளை மாற்றி உட்கார வையுங்கள். எங்கள் முதலாளி தோட்டத்தைக் காப்பாற்றியது அப்படித்தான்.