எண்பத்து நான்குக்குக் கீழே

ஓடெட் தன் தம்பி ஃபிர்மினுக்கு ஒரு சிறுநீரகம் தரத் தயாராக இருந்தாள். ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, எடைதான் இடித்தது. நூற்று இருபத்தொரு கிலோ உடம்பில் கத்தி வைத்தால் கொடுப்பவளுக்கே ஆபத்து, எண்பத்து நான்குக்குக் கீழே இறங்கி வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏதோ மாடியிலிருந்து கீழே வரச் சொல்வது போலச் சொன்னார். அவர் ஒல்லியான மனிதர்.

ஓடெட்டுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஓஸ்டெண்டில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இவெட்டின் ரொட்டிக்கடையில் முப்பது வருடமாகக் கல்லாவுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவே நிற்கிறவள். அந்த இடைவெளியில் அவள் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உருண்டை ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிறவர்கள், "உன்னைப் பாத்தாலே ரொட்டி நல்லா இருக்கும்னு தெரியுது" என்று கேலி செய்வார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓடெட்டும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்தவருக்கு ரொட்டி எண்ணிப் போடுவாள். புருஷன் போய் ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. ஃபிர்மின்தான் மிச்சம்.

ஃபிர்மின் அவளைவிட ஐந்து வயது சின்னவன். கல்யாணம் செய்துகொள்ளாதவன். இருபத்தாறு வருடம் கடற்கரை டிராம் ஓட்டியவன், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று காலை டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போடப்பட்டுக் கிடந்தான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. காபி, சூப், ஆரஞ்சுப் பழத்தின் சாறு வரைக்கும் கணக்கு.

உணவுக் கட்டுப்பாட்டில் ஓடெட் பார்க்காதது எதுவும் இல்லை. முட்டைக்கோஸ் சூப்பாகவே ஒரு கோடை முழுக்கக் குடித்தவள். இறக்கிய எடையெல்லாம் துணைக்கு இன்னும் நாலு கிலோவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அதனால்தான் இரைப்பைக்கு வளையம் மாட்டிக்கொண்டாள். இரைப்பையின் மேல்முனையைச் சுற்றி ஒரு சிலிகான் வளையம். வயிற்றுத் தோலுக்கு அடியில் பொத்தான் போல ஒரு சின்ன வாய். அதில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இறுகினால் கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அது மெதுவான விஷயம். எடை குறைக்க அவளோடு அதே வாரம் குடலை வெட்டித் தைத்துக்கொண்டவர்கள் நாலே மாதத்தில் ஆளே அடையாளம் தெரியாமல் போனார்கள். ஓடெட்டை எல்லோருக்கும் நன்றாக அடையாளம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காலை அவள் ஆஸ்பத்திரியில் ஃபிர்மின் கட்டிலோரம் போய் உட்காருவாள். அங்கே நோயாளிகளை மெஷினில் போடுமுன் ஒரு தடவை, எடுத்த பின் ஒரு தடவை எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு போயிற்று என்று தெரிவதற்கு.

"அக்கா, நாலு மணி நேரத்துல எனக்கு ரெண்டரைக் கிலோ போச்சு. உனக்கு?"

"எண்ணூறு கிராம்."

"நாலு மணி நேரத்துலயா?"

"மூணு வாரத்துல. வாய மூடு."

"நோயாளிய வாய மூடச் சொல்றா பாருங்க சிஸ்டர்! இவகிட்டருந்துதான் நான் கிட்னி வாங்கணுமாம். அதுவும் இப்படித்தான் பேசுமோ என்னமோ."

கேலி ஒரு பக்கம். அவள் முகம் வாடினால் அவனுக்குப் பொறுக்காது. "இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டிருக்கேன். ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னுதான் போகும். பயணிங்க சாபம் விடுவாங்க. ஆனா கடைசி ஸ்டாப்புக்குப் போகாம நான் ஒருநாளும் வண்டியத் திருப்பினதில்ல. நீ வா. நான் இருக்கேன்" என்பான்.

முதல் வருட முடிவில் நூற்று மூன்று. அடுத்த ஆறு மாதத்தில் தொண்ணூற்றெட்டு. அதோடு நின்றுவிட்டது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டரை, மறுபடி தொண்ணூற்றெட்டு.

வளையத்தை இறுக்கினால் எடை இறங்கும் என்று ஓடெட் முடிவுகட்டிவிட்டாள். வளையம் போட்டுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற புத்திதான் இது. மாதாமாதம் அதே ஆஸ்பத்திரி மாடியில் இருக்கிற தாதி ஹில்டெயிடம் போய் இன்னும் அரை மில்லி ஏற்றச் சொன்னாள்.

"சாப்பாடு தொண்டையில நிக்குதா? வாந்தி வருதா?" என்று ஹில்டெ கேட்டாள்.

"இல்லவே இல்ல. முழுத் தட்டு காலி பண்றேன். பசி தாங்கல." எல்லாம் பொய்.

ஊசி போட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீர் தங்காமல் இறங்கினால்தான் வீட்டுக்கு விடுவார்கள். ஓடெட் மடமடவென்று குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றாள். நெஞ்சுக்கு நடுவில் தண்ணீர் இறங்காமல் நின்றது. வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு செடிக்குப் பின்னால் குனிந்து அதைத் துப்பினாள்.

அதற்குப் பிறகு ரொட்டி இறங்கவில்லை. இறைச்சி இறங்கவில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு கூட மார்பில் கல்லாக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் கழிப்பறைக்கு ஓட வைத்தது. ஆனால் பசி இருந்தது. கடையின் பின்கட்டில், பன்னுக்குள் நிரப்புகிற வெனிலா கிரீம் வாளி நிறைய இருந்தது. அது இறங்கியது. ஐஸ்கிரீம் இறங்கியது. வாயில் வைத்த சாக்லேட் உருகி, எந்த வளையத்தையும் கேட்காமல் இறங்கியது. கரண்டியை நக்கிக்கொண்டே அவள் அழுதிருக்கிறாள். இவெட் ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எடை தொண்ணூற்றொன்பது ஆயிற்று.

அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஃபிர்மினுக்கு உடம்பு மோசமாக இருந்தது. ஊசி ஏறுகிற ரத்தக்குழாயில் சீழ் பிடித்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேலி இல்லை. கண்ணை மூடிக்கொண்டே, "எவ்வளவு அக்கா?" என்றான்.

"தொண்ணூத்தொண்ணு" என்றாள் ஓடெட்.

அவன் கண்ணைத் திறந்தான். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அவளால் திருப்பி வாங்க முடியவில்லை. அதற்கடுத்த மாதம் தொண்ணூறு என்றாள். பிறகு எண்பத்தெட்டு. கறுப்பு ஸ்வெட்டராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனாள். "முகத்துலயே தெரியுது, தாடையெல்லாம் வந்துடுச்சு" என்றான் ஃபிர்மின். பாசம் வைத்த கண்ணுக்கு எது வேண்டுமானாலும் தெரியும். கொடுக்கிறவர் விவரத்தை வாங்குகிறவரிடம் டாக்டர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அது அங்கே சட்டம். அதனால் பொய் பத்திரமாக இருந்தது.

எண்பத்தெட்டு என்று சொன்ன அன்று அவன் உற்சாகத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னான்.

"உன்கிட்ட சொல்லல இல்ல? மூணு மாசம் முன்னாடி என்னை இன்னொரு பட்டியல்ல சேக்கக் கூப்பிட்டாங்க. இறந்தவங்க கிட்னிக்கு. அந்தக் காய்ச்சல் முடிஞ்சதும். வேண்டாம்னுட்டேன்."

"ஏன்டா?"

"எதுக்கு? அக்கா இல்லாதவன் எவனாவது அந்த இடத்துல நிக்கட்டும். என் அக்கா தொண்ணூத்தொண்ணுல இருக்கா, இன்னும் ஏழு கிலோதான்னு சொன்னேன். டாக்டர் ஒரு மாதிரியாப் பாத்தார். நல்லா யோசிங்கன்னார். யோசிக்க என்ன இருக்கு?"

ஓடெட் கடையைப் பார்க்கணும் என்று விடுமுறை நாளில் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு எழுந்தாள். நேரே ஹில்டெயிடம் போனாள். கிரீம், சாக்லேட், செடிக்குப் பின்னால் துப்பிய தண்ணீர், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

ஹில்டெ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசியால் வளையத்திலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டே, "இறுக்குனா வேகமாகும்னு யார் சொன்னா உங்களுக்கு? திடமான சாப்பாடு இறங்குனாத்தான் இது வேலை செய்யும். வாரத்துக்கு அரைக் கிலோ. சில மாசம் ஒண்ணும் இல்ல. அதுதான் இதோட நடை. நீங்க சரியாத்தான் போயிட்டிருந்தீங்க, மேடம். ஒன்றரை வருஷத்துல இருபத்து மூணு கிலோ போனது சின்ன விஷயமா?" என்றாள்.

சரியாத்தான் போயிட்டிருந்தீங்க. இந்த வார்த்தைதான் ஓடெட்டைச் சுட்டது.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் அவனிடம் உண்மையைச் சொன்னாள். தொண்ணூற்றொன்பது.

"தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன, கடல்லயா குதிச்சிருப்பேன்? தொண்ணூத்தொம்பதுக்கும் நான் சிரிச்சிருப்பேனே. உன்னை என்னிக்காவது விரட்டினேனா?"

"நீ அன்னிக்குச் செத்துடுவியோன்னு இருந்துச்சுடா."

"போ. இன்னிக்குப் போயிடு."

மூன்று செவ்வாய்க்கிழமை அவன் அவளைப் பார்க்க மறுத்தான். நடுவில் அவனே டாக்டரிடம் பட்டியலில் சேர்க்கச் சொன்னான். அதற்கு இதயத்தைச் சோதித்தார்கள். இதயம் தளர்ந்திருந்தது. இனி இறந்தவர் சிறுநீரகமோ அக்காவின் சிறுநீரகமோ, எதை வைக்கவும் அந்த உடம்பு ஆபரேஷன் மேஜையில் தாங்காது என்றார்கள். மூன்று மாதம் முன்னால் சோதித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஓடெட் கேட்டாள். தெரியாது, இதேதான் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லோடு ஒரு மனுஷி எத்தனை ராத்திரி படுப்பாள்?

நாலாவது செவ்வாய்க்கிழமை அவனே ஆள் விட்டான். அவள் போய்க் கட்டிலோரம் நின்றாள், உட்காரவில்லை.

"எவ்வளவு?" என்றான்.

"இனிமே எதுக்குடா அது?"

"வேற எதை நான் கேக்கறது? வானிலையா? எவ்வளவு, சொல்லு."

"தொண்ணூத்தொம்பதரை."

"ஏறியிருக்கு."

"வளையத்துலருந்து தண்ணி எடுத்துட்டாங்க இல்ல."

"சரி. உக்காரு. அடுத்த வாரம் பொய் சொன்னா இந்த ஊசியப் பிடுங்கி உன் கையில குத்திடுவேன்."

அப்படித்தான் அது மறுபடி தொடங்கியது. யாருக்காக இறங்க வேண்டுமோ அவனுக்குப் பயன் இல்லை என்று ஆன பிறகு, ஓடெட் இறங்க ஆரம்பித்தாள். சின்னத் தட்டில் கோழித் துண்டையும் பீன்ஸையும் வைத்துக்கொண்டு, வாய்க்கு வாய் இருபது தடவை மென்றாள். கிரீம் வாளி இருக்கும் பக்கம் தான் போகாமல் இவெட்டைப் போகச் சொன்னாள். ஒரு மாதம் ஒன்றரைக் கிலோ, ஒரு மாதம் முந்நூறு கிராம், கிறிஸ்துமஸ் மாதத்தில் எழுநூறு கிராம் கூடியது. கூடியதையும் அப்படியே போய்ச் சொன்னாள். ஃபிர்மின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தான். முந்நூறு கிராம் என்றால், "ஒரு பெரிய ரொட்டியில பாதி" என்பான். கூடினால், "பண்டிகை" என்பான். அவன் குரல் மட்டும் மாதத்துக்கு மாதம் சன்னமாகிக்கொண்டே வந்தது. டிராமிலிருந்து கூப்பிட்டால் கடல் வரைக்கும் கேட்கிற குரல் அது.

சில காலையில் எடைமேடையில் ஏறவே அவளுக்கு ஆத்திரமாக வரும். இறங்கிய ஒவ்வொரு கிலோவும், இதை அப்போதே செய்திருக்கக் கூடாதா என்று கேட்டது. நின்றுவிடலாம் என்று நினைப்பாள். செவ்வாய்க்கிழமை அவன் கேட்பானே என்று ஏறுவாள்.

ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆயிற்று. ஒரு செவ்வாய் காலை ஹில்டெயின் எடைமேடை எண்பத்து மூன்று புள்ளி ஆறு என்று காட்டியது. ஓடெட் இறங்கி, மறுபடி ஏறினாள். அதேதான். ஹில்டெ அவளைக் கட்டிக்கொண்டாள். ஓடெட் மாடிப்படியில் இறங்கி டயாலிசிஸ் அறைக்குப் போனாள்.

ஃபிர்மின் தலையணையில் சரிந்து கிடந்தான். இடது கையில் இரண்டு ஊசி, அசைக்கக் கூடாது.

"எவ்வளவு?"

"எண்பத்து மூணு ஆறு."

கை தட்ட அவனுக்கு இன்னொரு கை சும்மா இல்லை. வலது உள்ளங்கையால் கட்டில் கம்பியில் தட்டினான், விடாமல் தட்டினான். பக்கத்து மெஷினில் அந்த வாரம்தான் புதிதாக வந்திருந்த ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன விஷயம்?"

"எங்க அக்கா எண்பத்து நாலுக்குக் கீழ வந்துட்டா. எனக்குக் கிட்னி குடுக்கறதுக்காக."

"அட, நல்ல சேதி! அப்ப ஆபரேஷன் எப்போ?"

ஓடெட் நாற்காலியில் உட்கார்ந்து விம்ம ஆரம்பித்தாள். "இப்ப தரலாம்டா. இப்ப நல்லாத் தரலாம். எல்லாம் சரியா இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஃபிர்மின் வலது கையை எட்டி அவள் தலைமேல் வைத்தான்.

"அது உன்கிட்டயே இருக்கட்டும். நல்லாப் பாத்துக்க. தண்ணி நிறையக் குடி, நீ குடிக்கலாம். வருஷா வருஷம் டெஸ்ட் எடு. எனக்குன்னு வெச்சிருந்தது அது, பாழாக்கிடாத."

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள். அவன் கையை எடுக்கவில்லை. மெஷின் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.